பிறந்த குழந்தையின் கண்ணில் ஓயாமல் நீர், பீளை: கண்ணீர்க் குழாய் அடைப்புக்கு மசாஜ் போதுமா?

கயல்_அம்மா (ஈரோடு)

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு இப்போது ஏழு வாரம். மூன்றாவது வாரத்தில் இருந்தே இடது கண்ணில் நீர் ததும்பி நிற்கிறது. அழாத நேரத்திலும் கன்னத்தில் வழிகிறது. காலையில் மஞ்சளாகப் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது, ஈரப் பஞ்சால் துடைத்தால்தான் கண்ணைத் திறக்கிறாள். கண் சிவக்கவில்லை, வீக்கமும் இல்லை. நன்றாகப் பால் குடிக்கிறாள், தூங்குகிறாள்.

குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். "கண்ணீர்க் குழாயில் அடைப்பு. மசாஜ் செய்யுங்கள், ஒரு வயதுக்குள் சரியாகிவிடும்" என்றார். அன்று கூட்டம் அதிகம், எங்கே எப்படி அழுத்துவது என்று காட்ட அவருக்கு நேரமில்லை. வெளியே வந்து நர்ஸிடம் கேட்டால் மூக்குத் தண்டின் மேல் தேய்த்துவிடச் சொன்னார். அது சரியா?

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாமியார் தாய்ப்பால் விடச் சொல்கிறார். அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி விடலாம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா இது மெட்ராஸ் ஐ என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறார். ஒரு வயது வரை இப்படியே பார்த்துக்கொண்டிருப்பதா என்று மனசு கேட்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆதிரை (சென்னை)

கயல், என் பையனுக்கு இரண்டு கண்ணிலும் இருந்தது. எட்டாவது மாதத்தில் ஒரு கண், பத்தாவது மாதத்தில் இன்னொன்று, தானாகவே நின்றது. மசாஜ் மட்டும்தான் செய்தோம். ஆனால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் என் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் அதைப் பற்றி எனக்கு ஒரு தெளிவு வந்தது. வாயால் "மசாஜ்" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. தேய்ப்பது வேறு, அழுத்துவது வேறு. அருகில் உள்ள கண் மருத்துவமனைக்கு ஒருமுறை போய்க் கையில் கற்றுக்கொண்டு வாருங்கள், அந்த அலைச்சல் வீண்போகாது.

செல்லம்மாள் (உசிலம்பட்டி)

பயப்படாதே தாயி. எங்கள் வீட்டில் நான் வளர்த்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் கண் ஒட்டியிருக்கிறது. இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விடுவோம், நாளாக நாளாகச் சரியாகிவிடும். தாய்ப்பாலில் இல்லாத மருந்தா? பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.

கண்மருத்துவர்_கோவை

வணக்கம். நான் குழந்தைகள் கண் பிரிவில் பணிபுரிகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் வெளிநோயாளிகள் பிரிவில் தினமும் இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பப்படும் விஷயம் இது.

மேல் இமைக்கு வெளிப்பக்கமாக உள்ள சுரப்பியில் கண்ணீர் ஊறுகிறது. அது கண்ணை நனைத்துவிட்டு, மூக்கோரமாக இரண்டு இமைகளிலும் இருக்கும் மிகச் சிறிய துளைகள் வழியாக உள்ளே போகிறது. அங்கிருந்து கண்ணீர்ப் பை, பையிலிருந்து எலும்புக்குள் இறங்கும் ஒரு குழாய், கடைசியில் மூக்கின் உட்புறம். அழுதால் நமக்கு மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனால்தான். கருவில் இந்தக் குழாயில் கடைசியாகத் திறப்பது அதன் அடிமுனை. அங்குள்ள மெல்லிய ஜவ்வு பிறந்த பிறகும் மூடியிருந்தால் கண்ணீருக்கு இறங்க வழியில்லை. பிறந்த புதிதில் கண்ணீர் குறைவாகத்தான் ஊறும். அது கூடும்போதுதான் அடைப்பு வெளியே தெரிகிறது. உங்கள் பாப்பாவுக்கு மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

தேங்கி நிற்கும் நீரில் கிருமி பெருகுவதால் பீளை வருகிறது. இது மெட்ராஸ் ஐ அல்ல. பக்கத்து வீட்டு அக்கா தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

மசாஜுக்கு வருகிறேன். 1923-ல் கிரிக்லர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய முறையைத்தான் இன்றும் சொல்லித் தருகிறோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆள்காட்டி விரல் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கண்ணின் உள்மூலைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் உள்ள சிறு பள்ளத்தில் விரல்நுனியை வையுங்கள், கண்ணீர்ப் பை அங்கேதான் இருக்கிறது. முதலில் எலும்பை நோக்கி உள்ளே அழுத்துங்கள். இதில் மேலே உள்ள சிறு கால்வாய்கள் மூடிக்கொள்ளும். அழுத்தத்தை விடாமல் மூக்கை ஒட்டியே கீழ்நோக்கி ஒரு விரற்கடை இழுங்கள். மேல் வாயை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பலூனை அழுத்தினால் நீர் முழுக்கக் கீழே முட்டும் அல்லவா, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. அந்த அழுத்தம்தான் ஜவ்வைத் திறக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து தடவை, நாளைக்கு மூன்று நான்கு வேளை. ஒவ்வொரு பால் குடிக்கும் நேரத்தோடும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

மூக்குத் தண்டின் மேல் தேய்ப்பதால் பைக்கு எந்த அழுத்தமும் போகாது. கண் உருண்டையின் மேல் விரல் படவே கூடாது.

அழுத்தும்போது உள்மூலையில் பீளை பிதுங்கி வந்தால் பதற வேண்டாம். நீங்கள் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் உள்மூலையில் இருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு.

செல்லம்மாள் அம்மா, நீங்கள் பார்த்தது பொய் இல்லை. தாய்ப்பாலில் எதிர்ப்புச் சத்து இருப்பதும் உண்மை. ஆனால் எலும்புக்குள் இருக்கும் ஜவ்வைப் பாலால் திறக்க முடியாது. பால் விடாவிட்டாலும் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சரியாகியிருக்கும். ஏற்கெனவே நீர் வெளியேறாமல் தேங்கும் கண்ணில் பாலையும் விட்டால் அதுவும் உள்ளேயே கிடக்கும், அதனால் நாங்கள் வேண்டாம் என்கிறோம். பூச்சாறு, விளக்கெண்ணெய், மை எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிட ஆபத்து, அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரை போகலாம்.

செல்லம்மாள் (உசிலம்பட்டி)

நீங்கள் விளக்கிச் சொன்னது புரிகிறது டாக்டர் ஐயா. எங்கள் காலத்தில் இப்படி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. பேத்திக்கு இது மாசம், அவளிடம் இதை அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

கயல்_அம்மா (ஈரோடு)

ரொம்ப நன்றி டாக்டர். எவ்வளவு பலமாக அழுத்துவது? இவ்வளவு சின்ன முகம், கை நடுங்குகிறது. அப்புறம், வீட்டுக்காரர் மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்திருக்கிறார். பீளை வரும்போதெல்லாம் விடலாமா?

மருந்தாளுநர்_நெல்லை

மருந்துக்கடை என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். சகோதரி, அந்த மருந்தை இன்னும் திறக்கவில்லை என்றால் திறக்காதீர்கள். பெட்டியில் உள்ள பெயர்களைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளோரோமெத்தலோன், இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்துகள் நம் ஊரில் சீட்டு இல்லாமலே கைமாறுகின்றன. போட்ட உடனே கண் பளிச்சென்று ஆவதால் மக்களும் அதையே திரும்பக் கேட்கிறார்கள். தொடர்ந்து விட்டால் கண்ணின் உள் அழுத்தம் கூடும், கண்புரை வரலாம், தொற்று இருந்தால் அது இன்னும் மோசமாகும். பிறந்த குழந்தையின் கண்ணுக்கு யூகத்தில் மருந்து கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. என் தொழிலில் உள்ளவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கண்மருத்துவர்_கோவை

நெல்லை நண்பர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஸ்டீராய்டு இல்லாத ஆன்டிபயாடிக் சொட்டுகூட அடைப்பைத் திறக்காது. பீளை கெட்டியாகி, பச்சை மஞ்சளாக நிறைய வரும்போது மருத்துவர் சில நாட்களுக்கு எழுதித் தருவார், அவ்வளவுதான். வெறும் நீர் மட்டும் வடிந்தால் மருந்தே தேவையில்லை.

அழுத்தத்தின் அளவு: அழுத்தும்போது உங்கள் நகத்தின் அடியில் உள்ள இளஞ்சிவப்பு லேசாக வெளுக்க வேண்டும். பூப்போல வருடினால் போதாது. மென்மையாகச் செய்தவர்களையும் உறுதியாக அழுத்தியவர்களையும் ஒப்பிட்டு 1982-ல் வந்த ஓர் ஆய்வில் உறுதியாக அழுத்தியதற்குத்தான் பலன் தெரிந்தது. குழந்தை அழும். வலியைவிட, முகத்தைப் பிடித்து வைப்பதே அதற்குப் பிடிக்காது. ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அழுத்துவது எளிது.

இமையின் தோல் எப்போதும் ஈரமாகவே இருந்து சிவந்து உரியும். துடைத்துக் காயவிட்டு மேலாக வாஸலின் தடவுங்கள்.

தர்ஷன் (லண்டன்)

வணக்கம், ஊர் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது லண்டனில். எங்கள் மகளுக்கு ஐந்து மாதம், இதே பிரச்சினை. ஜிபி, அதாவது இங்கத்தைய குடும்ப டொக்டர், பார்த்துவிட்டு மருந்து ஒன்றும் தரவில்லை. ஒரு வயது மட்டும் பொறுங்கோ, அதற்குப் பிறகும் இருந்தால் கண் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மனைவிக்குச் சரியான கவலை. ஊரில் அம்மம்மாவோடு கதைத்தால், "அங்கே டொக்டர்மார் கைகழுவிவிட்டார்கள், பிள்ளையை இங்கே கொண்டு வாருங்கோ" என்கிறார். இந்தியாவிலும் இப்படித்தான் பொறுக்கச் சொல்வார்களா? இல்லாவிட்டால் இங்கேதான் இழுத்தடிக்கிறார்களா?

கண்மருத்துவர்_கோவை

இழுத்தடிப்பு இல்லை தர்ஷன். பொறுக்கச் சொல்வதற்கு அடிப்படையான தகவலில் ஒரு பகுதி உங்கள் நாட்டில் இருந்தே வந்தது. 1991-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் சுமார் 4,800 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து கவனித்தார்கள். ஐந்தில் ஒரு குழந்தைக்கு முதல் வருடத்தில் நீர் வடிதல் இருந்தது. அவர்களில் 96 சதவீதம் பேருக்கு ஒரு வயதுக்குள் தானாகவே நின்றுவிட்டது. இங்கும் நாங்கள் அதே வழியில்தான் போகிறோம்.

ஆனால் பொறுப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது இல்லை. மசாஜ் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அம்மம்மாவிடம் நீங்களே ஒருநாள் வீடியோ அழைப்பில் மசாஜ் செய்து காட்டுங்கள், அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

தேன்மொழி (சேலம்)

இந்த இழையைப் படிக்கும் எல்லோரும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணில் நீர் வடிந்தால் எல்லாமே குழாய் அடைப்பு ஆகாது.

என் தங்கை பையனுக்கும் பிறந்ததில் இருந்து நீர் வடிந்தது. ஆனால் பீளை இல்லை. வெளிச்சத்தைக் கண்டால் முகத்தை அம்மா தோளில் புதைத்துக்கொள்வான், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். சொந்தக்காரர்கள் எல்லாரும் "எவ்வளவு பெரிய கண்ணு, கிருஷ்ணர் மாதிரி" என்று கொஞ்சினார்கள். முதலில் பார்த்த இடத்தில் அடைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கருவிழியில் லேசாகப் புகை படர்ந்தது போல் தெரிந்த பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். பிறவியிலேயே வரும் கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

கண்மருத்துவர்_கோவை

தேன்மொழி, இதை எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. நான் அதிகம் பயப்படுவது இந்தக் குழப்பத்துக்குத்தான்.

வெளிச்சத்துக்குக் கூசுதல், கண்ணை இறுக்கி மூடுதல், கருவிழி மங்கலாக அல்லது பெரிதாக இருத்தல், ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிதல்: இதில் எது இருந்தாலும் ஒரு வயது வரை காத்திருக்கும் பேச்சே இல்லை, அந்த வாரத்திலேயே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பிறந்த குழந்தையின் கருவிழி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். முதல் வருடத்தில் 12-ஐத் தாண்டினால் சந்தேகப்படுவோம். இந்த நோய் பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணுவால் வருகிறது. அதனால் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் அதிகம் பார்க்கிறோம். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டும் நம் ஊரில் இதை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய ஒன்று: அடைப்பு உள்ள பக்கத்து மூக்குத்துளை பொதுவாகக் காய்ந்திருக்கும், நீர் அங்கே இறங்காததால். கிளாக்கோமாவில் குழாய் திறந்தே இருப்பதால் மூக்கும் ஈரமாக இருக்கும். இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, ஆனால் மருத்துவரிடம் சொல்லப் பயன்படும்.

வேறு சிலவும் அவசரம்தான். பிறந்த முதல் சில நாட்களிலேயே இமை வீங்கி, கண் சிவந்து, சீழ் கொட்டினால் அது பிரசவ நேரத்தில் ஒட்டிய கிருமியாக இருக்கலாம். சிலவகைக் கிருமி ஓரிரு நாட்களில் கருவிழியை அரித்துவிடும். பிறந்தவுடன் கண்ணின் உள்மூலைக்குக் கீழே நீலம் பாய்ந்த புடைப்பு இருந்தால் பையின் மேலும் கீழும் அடைபட்டிருக்கிறது. அது மூக்குக்குள்ளும் புடைத்து மூச்சுத்திணறலை உண்டாக்கலாம், ஏனெனில் பச்சிளங்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அந்த மூலை சிவந்து, வீங்கி, தொட்டாலே அலறி, காய்ச்சலும் இருந்தால் பையில் சீழ் பிடித்திருக்கிறது. அப்போது மசாஜ் செய்யவே கூடாது. நேராக மருத்துவமனைக்குப் போங்கள், சேர்த்து ஊசி மருந்து தர வேண்டியிருக்கும்.

ராஜ்குமார் (பெங்களூரு)

ஒரு மாற்றுக் கருத்து. என் மகனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் ப்ரோபிங், அதாவது மெல்லிய கம்பி விட்டுக் குழாய் அடைப்பைத் திறப்பது, செய்யச் சொல்லிக் கேட்டேன், ஒரு வயது ஆகட்டும் என்றார்கள். அமெரிக்காவில் இருக்கும் நண்பரின் குழந்தைக்கு ஆறாவது மாதத்திலேயே, மயக்க மருந்து இல்லாமல், கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மட்டும் விட்டு க்ளினிக்கிலேயே முடித்துவிட்டார்கள். ஆறு மாதம் தினம் நான்கு வேளை குழந்தையை அழவைத்து, பீளை துடைத்து, பார்ப்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி... பெற்றோரின் கஷ்டத்தை மருத்துவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சீக்கிரம் முடிப்பதில் என்ன தவறு?

கண்மருத்துவர்_கோவை

தவறு இல்லை ராஜ்குமார். மருத்துவர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. அமெரிக்காவில் குழந்தைகள் கண் நோய் ஆய்வுக் குழு ஒன்று இதையே எடுத்து ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டது. ஆறு மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் இருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ப்ரோபிங் செய்யாமல், மசாஜும் தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் சொட்டும் மட்டும் கொடுத்து இன்னும் ஆறு மாதம் பார்த்தார்கள். 66 சதவீதம் பேருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிட்டது. அதாவது மூன்றில் இரண்டு குழந்தைகளுக்கு அந்தக் கம்பியே தேவைப்பட்டிருக்காது. மூன்றாவது குழந்தைக்குச் சீக்கிரம் செய்திருந்தால் ஆறு மாத அவஸ்தை மிச்சம்.

ஆனால் விழித்திருக்கும் குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, நான்கு பேர் பிடித்துக்கொள்ள, கம்பியை உள்ளே விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தை உதறினால் கம்பி வேறு வழியில் போய்த் தவறான பாதை உண்டாகிவிடும். முழு மயக்கத்தில் நிதானமாகச் செய்வதையே விரும்புகிறேன். மயக்க மருந்து என்றால் குழந்தை கொஞ்சம் வளர்ந்து எடை கூடியிருப்பது நல்லது. அதனால் ஒரு வயதை ஒட்டிச் செய்கிறேன். அடிக்கடி சீழ் பிடிக்கும் குழந்தைக்கு மட்டும் முன்கூட்டியே. பெற்றோரின் கஷ்டம் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதை நாங்கள் இன்னும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

கயல்_அம்மா (ஈரோடு)

கண் மருத்துவமனைக்குப் போய் வந்தோம். சாயச் சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்து நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். வலது கண்ணில் சாயம் போய்விட்டது, இடதில் அப்படியே நின்றது. கருவிழியும் அளந்தார்கள், சரியாக இருக்கிறது என்றார்கள். கையில் மசாஜும் காட்டினார்கள், டாக்டர் இங்கே எழுதியபடியேதான். இப்போது பயம் இல்லை.

ஒரு சந்தேகம். குளிப்பாட்டியதும் தினமும் சாம்பிராணி போடுகிறோம். அந்த நேரத்தில் இரண்டு கண்ணிலும் நீர் ஊற்றுகிறது. நிறுத்திவிடலாமா?

ஆதிரை (சென்னை)

நிறுத்திவிடு கயல். தலைமுடியை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாலே காய்ந்துவிடும். எங்கள் வீட்டிலும் இதற்குச் சண்டை நடந்தது, பெரியவர்கள் அறையில் வேண்டுமானால் போடுங்கள் என்று முடித்தோம். புகை பட்டால் கண் எரியும், மூச்சுக்கும் ஆகாது. சளி பிடித்தாலும் நீர் கூடும், அப்போது மசாஜ் பலிக்கவில்லை என்று விட்டுவிடாதே.

முத்துலட்சுமி (தூத்துக்குடி)

என் பையனுக்குப் பதின்மூன்று மாதம். அடுத்த வாரம் ப்ரோபிங் நாள் கொடுத்திருக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தை. மயக்க மருந்து என்றதும் சாப்பாடு இறங்கவில்லை. அன்று என்ன நடக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

பர்வீன் (திருச்சி)

முத்துலட்சுமி அக்கா, என் மகளுக்குச் செய்தோம். காலையில் முதல் ஆளாக எடுத்தார்கள். தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார்கள், மாட்டுப்பால், பவுடர் பால் என்றால் ஆறு மணி நேரம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தை அப்படியே கடைப்பிடியுங்கள், அழுகிறானே என்று ஒரு மடக்குப் பால்கூடக் கொடுக்காதீர்கள். உள்ளே போனதற்கு மயக்கம், தெளிவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், கம்பி விடும் வேலை சில நிமிடம்தான் என்றார்கள். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. வெளியே வந்ததும் பசியில்தான் அழுதாள். அன்று மூக்கில் இருந்து இரண்டு மூன்று சொட்டு ரத்தம் கலந்த சளி வந்தது, முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. மறுநாள் விளையாட ஆரம்பித்துவிட்டாள். உங்களுக்காக துஆ செய்கிறேன்.

கண்மருத்துவர்_கோவை

பர்வீன் சொன்னதோடு சேர்த்து: டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குக் கண்ணீர்ப் பாதை குறுகலாக இருப்பது உண்டு, அடைப்பும் மற்றவர்களைவிட அதிகம். அதனால் ஒரே தடவையில் சரியாகாமல் போகலாம் என்பதற்கு இப்போதே மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள். பொதுவாக முதல் ப்ரோபிங்கிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகிவிடும். ஆகாவிட்டால் மறுபடி ப்ரோபிங், அதோடு மெல்லிய சிலிக்கான் குழாய் வைத்துச் சில மாதம் கழித்து எடுப்பது என்று அடுத்த படிகள் இருக்கின்றன. மூக்கெலும்பில் புதுவழி திறக்கும் பெரிய அறுவை சிகிச்சை மிகச் சிலருக்குத்தான், அதுவும் வளர்ந்த பிறகு.

இதயப் பரிசோதனை அறிக்கை, அதாவது எக்கோ, இருந்தால் கட்டாயம் கையில் எடுத்துப் போங்கள். கழுத்தெலும்பு பற்றியும் மயக்க மருத்துவரிடம் கேளுங்கள், இந்தக் குழந்தைகளின் கழுத்தை மென்மையாகக் கையாள வேண்டும், அது அவருக்குத் தெரியும். அன்றே மயக்கத்தில் கண்ணின் பவரையும் விழித்திரையையும் பார்த்துவிடச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வையுங்கள், இன்னொரு மயக்கம் மிச்சமாகும். வீட்டுக்கு வந்ததும் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை நிறுத்தாமல் போடுங்கள். குளிக்க வைக்கலாம். காய்ச்சலோ, மூக்கில் நிற்காத ரத்தமோ, கண்ணோரம் வீக்கமோ இருந்தால் மட்டும் அன்று இரவே கூப்பிடுங்கள்.

முத்துலட்சுமி (தூத்துக்குடி)

எக்கோ அறிக்கை பிறந்த ஊரில் இருக்கிறது, நாளை போய் எடுத்துவிடுகிறேன். பவர் பார்ப்பதையும் எழுதி வைத்துக்கொண்டேன். பர்வீன், உன் நம்பிக்கைக்கு நன்றிம்மா.